'வேறு ஏதோ' என்ற வரியில் எழுதப்பட்ட மக்கள்

2020 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் இரவன்று, வாக்களித்தவர்கள் எந்தெந்த இனத்தவர் என்று சி.என்.என். தொலைக்காட்சி ஓர் அட்டவணை காட்டியது. வெள்ளையர் 65 சதவீதம், லத்தீனோ மக்கள் 13, கறுப்பினத்தவர் 12, ஆசியர் 5. இவற்றோடு 6 சதவீதத்துக்கு இன்னொரு வரியும் இருந்தது. அதற்குக் கொடுத்த பெயர் 'சம்திங் எல்ஸ்'. தமிழில் சொன்னால், 'வேறு ஏதோ'. (கூட்டினால் 101 வருகிறது. முழு எண்ணாக்கியதில் வந்த வித்தியாசம் அது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.)

இந்த மண்ணின் பூர்வகுடிகள் அந்த 'வேறு ஏதோ'வுக்குள் இருந்தார்கள். பூர்வகுடிப் பத்திரிகையாளர் சங்கம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. இளையவர்கள் அந்தச் சொல்லைச் சட்டைகளில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அதே தேர்தலில் அரிசோனா மாநிலத்தின் முடிவு 10,457 வாக்குகளில் தொங்கிக்கொண்டிருந்தது. நவஹோ, ஹோப்பி மக்களின் நிலங்களில் இருந்து மட்டும் அதைப்போலப் பல மடங்கு வாக்குகள் விழுந்திருந்தன. வெற்றியைத் தீர்மானிக்கக்கூடிய தொகை, பெயரில்லாத ஒரு வரியில் கிடந்தது.

வர்த்தகம் படித்தவர்களுக்குத் 'தொங்கல் கணக்கு' தெரிந்திருக்கும். பரீட்சை மீதி பொருந்தாதபோது, வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். ஆண்டு முடிவதற்குள் பிழையைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும் என்பதுதான் விதி. மூடாமல் வருடா வருடம் முன்கொணர்ந்து வந்தால், பிழை தொகையில் இல்லை, கணக்கு வைத்திருப்பவரிடம்தான் என்று கணக்காய்வாளர் எழுதிவிடுவார். அமெரிக்கா தன் பூர்வகுடிகளை அப்படித்தான் முன்கொணர்ந்து வருகிறது. நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் ரெக்சாஸிலும் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நாம் யாருடைய நிலத்தில் இதையெல்லாம் செய்கிறோம் என்பதை அறிவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த மக்களுடைய அரசியலில் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. அது வாக்கைப் பற்றியது என்பதைவிடப் பத்திரிகையைப் பற்றியது. முதலில் வாக்கைச் சொல்லிவிடுவோம்.

பூர்வகுடிகள் அனைவரையும் அமெரிக்கக் குடிமக்கள் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 1924 இல். குடியுரிமை வந்தவுடன் வாக்குரிமை வந்துவிடவில்லை. 'பராமரிப்பில் உள்ளவர்கள்' என்று சொல்லி அரிசோனா அவர்களை இன்னும் 24 ஆண்டுகள் வாக்காளர் இடாப்புக்கு வெளியே வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்த நாட்டுக்காகச் சீருடை அணிந்து திரும்பிய பிராங்க் ஹாரிசன் என்பவரும் அவருடைய தோழரும் வழக்குப் போட்டபின், 1948 ஜூலையில் அந்தத் தடை உடைந்தது. அடுத்த மாதமே நியூ மெக்சிகோவில் மிகேல் துருஹியோ என்ற ஆசிரியர், அவரும் போர்வீரர்தான், இன்னொரு தடையை உடைத்தார். யூட்டா மாநிலம் 1957 வரை இழுத்தது. ஒதுக்கு நிலத்தில் வாழ்பவர் மாநிலத்தின் 'வதிவாளர்' அல்லர் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம்.

1948 என்ற ஆண்டு நமக்கும் மறக்கக்கூடியதல்ல. அரிசோனாவில் கதவு திறந்த அதே ஆண்டின் ஆகஸ்டில், இலங்கைப் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி மலையகத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்கும் போனது. ஆளைத் துரத்தாமலே ஆளில்லாமல் செய்யும் வழி அது. ஒரு பத்திரம் போதும்.

பத்திரம் என்றதும் வட டக்கோட்டாவைச் சொல்ல வேண்டும். 2012 இல் அங்கே ஹைடி ஹைட்காம்ப் என்ற சனநாயகக் கட்சிப் பெண்மணி 3,000 க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் செனற்றர் ஆனார். பூர்வகுடிகளின் வாக்கு அதில் பெரும்பங்கு. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டசபை அடையாள அட்டை விதியை இறுக்கத் தொடங்கியது. முடிவில் வந்து நின்ற விதி இது: அட்டையில் வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் இருக்க வேண்டும், தபால் பெட்டி இலக்கம் செல்லாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒதுக்கு நிலங்களில் பல வீதிகளுக்குப் பெயரே இல்லை. வீடுகளுக்கு இலக்கமும் இல்லை. கடிதம் தபால் பெட்டிக்குத்தான் வரும். விதியில் 'பூர்வகுடி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, அது தேவைப்படவுமில்லை. 2018 ஒக்டோபரில், தேர்தலுக்கு நாலு கிழமை இருக்கும்போது, அந்த விதி நடைமுறைக்கு வருவதைத் தடுக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதன்பின் நடந்தது நம்மவர்களுக்குப் பழக்கமான காட்சி. இனக்குழு அலுவலகங்கள் இரவு பகலாகத் திறந்திருந்தன. வரைபடத்தை விரித்துவைத்து, இது உன் வீடு, இது உன் இலக்கம் என்று கொடுத்து இலவசமாக அட்டை அடித்தார்கள். ரேர்ட்டில் மவுன்டன் என்ற இடத்தில் அச்சு இயந்திரம் சூடேறி அட்டைகள் உருகத் தொடங்கியதாகக்கூடச் செய்தி வந்தது. நம்மில் எத்தனை பேர் விதானையாரின் ஒற்றைக் கையெழுத்துக்காக நாள் முழுக்க நின்றிருப்போம்! 2001 டிசம்பர் பொதுத் தேர்தலில் வன்னியில் இருந்து வாக்களிக்க வந்தவர்களைச் சோதனைச் சாவடியில் மறித்ததும் நினைவிருக்கும். அது உரிமை மீறல் என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வந்தபோது தேர்தல் எப்போதோ முடிந்திருந்தது.

வட டக்கோட்டாவில் ஹைட்காம்ப் தோற்றுப்போனார். ஆனால் அடையாள அட்டைச் சட்டத்தைக் கொண்டுவந்த சட்டசபை உறுப்பினரை, அதே தேர்தலில், மண்டான் ஹிடாட்சா அரிகாரா இனத்தைச் சேர்ந்த ரூத் பஃபலோ என்ற பெண் அவருடைய தொகுதியிலேயே தோற்கடித்தார். 2020 இல் மாநில அரசு இரண்டு இனக்குழுக்களோடு இணக்கத்துக்கு வந்து, வாக்காளர் வரைபடத்தில் தம் வீட்டைக் காட்டினாலே போதும் என்று ஒப்புக்கொண்டது. இந்தக் கதையை நாடெங்கும் கொண்டுசென்றவை ஊடகங்கள்தான். 2012 முதல் 2018 வரை அதே ஊடகங்கள் எங்கே இருந்தன என்று கேட்டால் பதில் சுருக்கமானது. தேர்தல் வரும்வரை அது செய்தியாகவில்லை.

வெளியார் நடத்தும் ஊடகம் ஒரு சிறு சமூகத்துக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிய வட டக்கோட்டா வரை போக வேண்டியதில்லை. நியூ ஜேர்சியின் வடக்கே, மன்ஹட்டனில் இருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், ராமபோ மலைகள் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் நம்மவர்கள் பிள்ளைகளோடு நிறம் பார்க்கப் போகும் பக்கம் அது. அங்கே ராமபோ லெனாப்பே மக்கள் வாழ்கிறார்கள். 1980 இல் மாநிலச் சட்டசபை அவர்களை இனக்குழுவாக ஏற்றுக்கொண்டது. வாஷிங்டன் ஏற்கவில்லை, 1996 இல் அவர்களுடைய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. தொடர்ச்சியான வம்சாவளிக்குப் போதிய ஆவணம் இல்லையாம். அந்த நாட்களில் பூர்வகுடிகள் சூதாட்ட விடுதி திறந்தால் அத்திலாந்திக் நகரத்தின் வருமானம் போய்விடும் என்ற அச்சம் நியூ ஜேர்சி அரசியலில் பலமாக இருந்தது. 1993 இல் காங்கிரஸ் குழு ஒன்றின் முன் சாட்சி சொன்ன விடுதி உரிமையாளர் டொனால்ட் ட்ரம்ப், கனெற்றிக்கட்டில் விடுதி நடத்தும் ஓர் இனக்குழுவினரைக் குறித்து, அவர்களைப் பார்த்தால் தனக்குப் பூர்வகுடிகளாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பேசினார். முகத்தைப் பார்த்து இனம் சொல்லும் அந்த வித்தையை வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் நாமும் பார்த்திருக்கிறோம்.

ராமபோ மக்களைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகள் எழுதி வந்தன. பெரும்பாலும் கட்டுக்கதை. தப்பியோடிய அடிமைகள், கூலிப்படையினர், விலைமாதர் ஆகியோரின் கலப்பில் பிறந்தவர்கள் என்று ஒரு கதை கட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கு அது வசவு. அந்தக் கதை பத்திரிகையில் இருந்து பாடசாலைக்கும், அங்கிருந்து நகரசபைக்கும் போனது. ரிங்வூட் என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த பழைய இரும்புச் சுரங்கக் காட்டில், மாவாவில் இருந்த போர்ட் கார்த் தொழிற்சாலை 1960 களின் கடைசியில் தொடங்கி வர்ணப் பூச்சுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது. 1983 இல் நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களின் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது. துப்பரவாகிவிட்டது என்று 1994 இல் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். கழிவோ அங்கேயே கிடந்தது. அந்த மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யார் கேட்டது?

2005 இல், அப்போது ஹக்கன்சாக்கில் இருந்து வந்த 'த ரெக்கோர்ட்' நாளிதழ் மண்ணையும் நீரையும் தன் செலவில் பரிசோதித்து, ஆவணங்களைத் தோண்டி, ஒரு தொடர் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்த இடம் மீண்டும் நச்சு நிலப் பட்டியலுக்குப் போனது. ஒரு முறை எடுத்த இடத்தை மறுபடி சேர்த்தது அந்தத் திட்டத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அவதூறைப் பரப்பியதும் பத்திரிகை. உண்மையைத் தோண்டியதும் பத்திரிகை. இரண்டும் வெளியாருடையவை. முதலாவது நூறு வருடம் நடந்தது, இரண்டாவது ஒரு தொடர். அதன் பிறகும், சில இடங்களில் கழிவை முழுதாக அள்ளாமல் மேலே மூடிவிடும் திட்டத்தையே சுற்றுச்சூழல் முகாமை 2014 இல் தெரிவு செய்தது. அந்தக் கூட்டங்களின் செய்தியைத் தினமும் எழுத ஒரு நிருபர் வேண்டும். அவரை யார் அனுப்புவது?

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறோம். 2012 இல் ஒரு மத்திய அறிக்கைக்காகத் தகவல் கேட்டபோது, தன்னால் அங்கீகரிக்கப்பட்ட இனக்குழு எதுவும் இல்லை என்ற பொருளில் நியூ ஜேர்சி தரப்பு பதில் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சட்டசபை எடுத்த தீர்மானங்கள் ஒரே பதிலில் காணாமற்போயின. தெற்கே இருக்கும் நான்ரிகோக் லெனி-லெனாப்பே மக்கள் வழக்காடி 2018 நவம்பரில் அங்கீகாரத்தை மீட்டார்கள். ராமபோ மக்களுக்கும் பௌஹாட்டன் ரெனாப்பே மக்களுக்கும் 2019 இல் அது திரும்பக் கிடைத்தது. இந்த மாநிலத்தில் இருபது முப்பது வருடமாக வாழும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் ஊடகங்கள் ஒன்றிலும் நாங்கள் இதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஆகவே சொந்தப் பத்திரிகை வேண்டும் என்பது பூர்வகுடிகளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. இங்கேதான் விசயம் சிக்கலாகிறது.

செரோக்கி மக்களுக்கு செக்கோயா என்பவர் உருவாக்கிக் கொடுத்த எழுத்து 1821 இல் தயாரானது. ஏழே ஆண்டுகளில், 1828 பெப்ரவரி 21 ஆம் திகதி, ஜோர்ஜியாவில் இருந்த தங்கள் தலைநகர் நியூ எக்கோட்டாவில் இருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' பத்திரிகையை அவர்கள் வெளியிட்டார்கள். இந்த நாட்டில் பூர்வகுடிகள் நடத்திய முதல் செய்தித்தாள் அதுதான். செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும். செலவு அவர்களுடைய தேசிய சபையினது. ஆசிரியர் இலயாஸ் பூடினோ என்ற படித்த இளைஞர். நிலத்தைப் பறிக்க வந்த ஜோர்ஜியாவுக்கு எதிராக அந்தப் பத்திரிகை எழுதியதை வட மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் வாசித்தார்கள். அப்போதைய நிலைமைக்கு அது ஒரு தூதரகம் போல.

1832 இல் உச்ச நீதிமன்றம் செரோக்கி மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜனாதிபதி ஜாக்சன் அதை நடைமுறைப்படுத்த எதுவும் செய்யவில்லை. அதைப் பார்த்த பூடினோவின் மனம் மாறியது. எதிர்த்து நின்றால் அழிவோம், பேரம் பேசி மேற்கே போவதே வழி என்று நினைக்கத் தொடங்கினார். அந்தக் கருத்தையும் பத்திரிகையில் விவாதிக்க வேண்டும் என்றார். தலைவர் ஜோன் ரோஸ் மறுத்தார். எதிரி வாசலில் நிற்கும்போது நாம் இரண்டு குரலில் பேசக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பூடினோ ஆகஸ்டில் பதவி விலகினார். ரோஸின் மைத்துனர் ஆசிரியரானார். 1834 இல் பத்திரிகை நின்றது. அடுத்த ஆண்டு ஜோர்ஜியாக் காவற்படை வந்து அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு வந்தது நமக்குச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த கதை. விவாதம் அச்சில் நடக்காதபோது இருட்டில் நடந்தது. 1835 டிசம்பரில், தலைவரின் ஒப்புதலோ சபையின் ஒப்புதலோ இல்லாமல், ஒரு சிறு கூட்டம் நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பூடினோவும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்து மனுக் கொடுத்தும், செனற் சபை தேவையான பெரும்பான்மையை ஒரேயொரு வாக்கால் எட்டி அதை ஏற்றது. 1838-39 இல் படையினர் துப்பாக்கி முனையில் நடத்திச் சென்ற ஏறக்குறைய 16,000 பேரில் 4,000 பேர் அளவில் மாண்டார்கள். 1839 ஜூன் 22 ஆம் திகதி, புதிய நிலத்தில், பூடினோவை அவருடைய சொந்த மக்களே வெட்டிக் கொன்றார்கள். துரோகி என்று.

ரோஸ் பிழையா, பூடினோ பிழையா என்று இன்றும் செரோக்கி வீடுகளில் வாதாடுகிறார்கள். நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பான்மை மக்களின் விருப்பம் ரோஸின் பக்கம் இருந்தது. ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதிலும் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூடினோ அன்று எழுதியிருந்தால் மக்கள் வாசித்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள், மறுத்து எழுதியிருப்பார்கள். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எவ்வளவு சிறிய கூட்டம் என்பது எல்லோருக்கும், வாஷிங்டனுக்கும், வெளிச்சமாகியிருக்கும். எழுத விடாததால் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் போனது.

நமக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. 1981 இல் நூலகத்தோடு சேர்ந்து எரிந்த 'ஈழநாடு' அலுவலகம். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன். 2005 ஏப்ரலில் கொழும்பில் சிவராம். 2006 மே 2 ஆம் திகதி 'உதயன்' அலுவலகத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு ஊழியர்கள். இவ்வளவையும் வருடா வருடம் விளக்கேற்றிச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1989 இல் யாழ்ப்பாணத்தில் ரஜனி திராணகமவையும், 1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கத்தையும் அதே மூச்சில் சொல்ல நம் மேடைகளுக்கு இன்னும் நா எழவில்லை. எதிரி கொன்றான் என்று ஒரே வரியில் எழுதி மூடிவிட முடியாத கணக்கு அது. தொங்கல் கணக்கு என்று முதலில் சொன்னோமே, அது நம் ஏட்டிலும் ஒன்று இருக்கிறது.

இனி மஸ்கோகி மக்களிடம் வருவோம். ஒக்லஹோமாவில் 80,000 க்கு மேற்பட்ட குடிமக்களைக் கொண்ட தேசம் அது. சொந்த யாப்பு, சொந்தத் தலைவர், சொந்தச் சபை, சொந்த நீதிமன்றம். சொந்த ஊடகமும் உண்டு. பெயர் மஸ்கோகி மீடியா. 2015 இல் சபை ஒரு பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இயற்றி, அதற்கு ஒரு சுயாதீன ஆசிரியர் குழுவை அமைத்தது. இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே 570 க்கு மேற்பட்ட அங்கீகரிக்கப்பட்ட இனக்குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் அப்படிச் சட்டம் வைத்திருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலான இடங்களில் பத்திரிகைக்குச் சம்பளம் கொடுப்பவரும், அந்தப் பத்திரிகை கேள்வி கேட்க வேண்டியவரும் ஒருவரே.

2018 நவம்பரில், ஓர் அவசரக் கூட்டத்தில், அந்தச் சபை தன் சட்டத்தைத் தானே நீக்கியது. வாக்கு 7 க்கு 6. பத்திரிகையில் நல்ல செய்திகள் போதவில்லை, எப்போதும் குறையே எழுதுகிறார்கள் என்பது சில உறுப்பினரின் மனத்தாங்கல். ஊடகம் நிர்வாகத்தின் கீழ் ஒரு திணைக்களமானது. ஆசிரியர் விலகினார். ஏஞ்சல் எலிஸ் என்ற நிருபர் உள்ளேயே இருந்து போராடினார். 'பாட் பிரெஸ்' என்ற ஆவணப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது. 2020 இல் சட்டம் திரும்பி வந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு வாக்கால் போனது நாளை இன்னொரு வாக்கால் மீண்டும் போகும் என்று, யாப்பையே திருத்தக் கோரி மக்களிடம் போனார்கள். 2021 செப்டெம்பரில் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆம் என்றார்கள். இனி சபை இரவோடு இரவாக அதை எடுத்துவிட முடியாது.

கணக்காய்வு படித்தவர்களுக்கு இதில் புதினம் இல்லை. ஒரு கம்பனியின் கணக்கை ஆராய்பவரைப் பணிப்பாளர் சபை தன் விருப்பப்படி நியமித்தால் அந்த அறிக்கையை எந்த வங்கியும் நம்பாது. அதனால்தான் பங்குதாரரின் பொதுக் கூட்டம் நியமிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். காசு கம்பனியின் காசுதான். ஆனால் ஆளைப் போடுவதும் எடுப்பதும் கணக்குக் காட்ட வேண்டியவர் கையில் இல்லை. மஸ்கோகி வாக்காளர்கள் செய்தது அதுவே. இன்னொன்று: அது நடந்தபோது அவர்களுக்கு வெளியே எதிரி இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் மக்கேர்ட் வழக்கில் அவர்களுடைய நிலம் இன்னும் ஒதுக்கு நிலமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஒக்லஹோமாவின் ஆளுநர் அந்தத் தீர்ப்பை உடைக்க அலைந்துகொண்டிருந்த காலம். இப்போதா உள்வீட்டுக் குறைகளைச் சொல்வது என்று கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அப்படிக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். மக்கள் அதற்குச் செவி கொடுக்கவில்லை.

செரோக்கி தேசமும் 2000 இல் தன் பத்திரிகைக்குச் சுதந்திரச் சட்டம் இயற்றியது. 'செரோக்கி பீனிக்ஸ்' இன்றும் ஒக்லஹோமாவின் டாலெகுவாவில் இருந்து வருகிறது. பூடினோ கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில், காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் செரோக்கி மக்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. 2019 இல் அவர்கள் கிம் டீஹீ என்பவரைப் பெயர் குறித்து அனுப்பினார்கள். 2022 நவம்பரில் சபைக் குழு ஒன்று அதை விசாரித்தது. கதிரை இன்னும் கிடைக்கவில்லை. நாலாயிரம் உயிரைக் கொண்டுபோன ஒப்பந்தத்தில் அவர்களுக்குச் சாதகமாக இருந்த ஒரு வரியையும் நிறைவேற்ற இவ்வளவு காலம்!

இதை வாசிக்கும்போது நம் சங்கங்களும் வானொலிகளும் இணையத்தளங்களும் நினைவுக்கு வந்திருக்கும். வர வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். அவற்றை நடத்துகிறவர்கள் வேலை முடிந்து வந்து, நித்திரையை விட்டு, கைக்காசில் செய்கிறார்கள், அதில் மறுப்பில்லை. ஆனால் யார் பணத்தில் ஓடுகின்றன என்று பாருங்கள். நகைக்கடை, வீட்டு முகவர், காப்புறுதிக்காரர், விழா எடுக்கும் அமைப்பு. கடல்கோளுக்குப் பின் சேர்த்த நிதியின் கணக்கைக் கேட்டு, எங்களில் மூன்று பேர் ஒரு தமிழ் ஊடகத்துக்குக் கடிதம் எழுதினோம். யாரையும் கள்ளர் என்று சொல்லவில்லை. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எந்த வங்கியில் என்று மட்டும் கேட்டோம். 'இது அதற்குரிய நேரமில்லை' என்று பதில் வந்தது. அந்த அமைப்பின் விழா விளம்பரம் அதே வாரம் வந்தது. கணக்கு ஒருவேளை சதம் பிசகாமல் சரியாக இருந்திருக்கலாம். வெளியிட்டிருந்தால் அவர்களுக்கே பெருமை. பிறகு அந்த அமைப்பு இரண்டாக உடைந்தபோது, கணக்குப் பற்றிய கதைகள் மட்டும் வீட்டுக்கு வீடு, ஒன்றுக்குப் பத்தாகப் போய்ச் சேர்ந்தன.

நம் அமைப்புகள் பல இலாப நோக்கற்ற நிறுவனங்களாகப் பதியப்பட்டவை. வரித் திணைக்களத்துக்கு அவை கொடுக்கும் 990 படிவம் பொது ஆவணம். யாரும் கேட்டு வாசிக்கலாம். பெரிய அமைப்பென்றால் வரவு செலவு, பணிப்பாளர் பெயர், கொடுத்த உதவி எல்லாம் அதில் இருக்கும். சிறியவை ஓர் அஞ்சலட்டை அளவு தகவல்தான் கொடுக்கும், அதுவும் ஒரு தொடக்கம். அதை எடுத்துத் தமிழில் வருடம் ஒரு முறை வெளியிட ஒரு நிருபரும் ஒரு கணக்காளரும் ஒரு சனிக்கிழமையும் போதும். கணக்காளர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அந்த நிருபருக்குச் சம்பளம் விளம்பரக்காரரிடமிருந்தோ அமைப்பிடமிருந்தோ வராமல், மாதம் ஐந்து டொலர் வீதம் வாசகரிடமிருந்து வந்தால் மட்டுமே அவர் அடுத்த வருடமும் எழுதுவார். 300 குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் 1,500 டொலர். ஒரு முழுநேரச் சம்பளம் ஆகாது. பகுதிநேரமாக ஒருவரை வைத்திருக்கலாம்.

அப்படி ஒருவர் கிடைத்தால், அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வாகரைக்கும் மூதூருக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. 1963 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வேடர் என்று பதியப்பட்டவர்கள் இலங்கை முழுவதிலும் ஏறக்குறைய 400 பேர்தான். அதற்குப் பின் வந்த கணக்கெடுப்புகளில் அவர்களுக்குத் தனி வரி இல்லாமல் போனது. 'ஏனையோர்' என்ற வரிக்குள் போய்விட்டார்கள். நம் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் கடைசியாக எப்போது வந்தது என்று அந்த நிருபர் தேடிப் பார்க்கட்டும்.